சார்லியின் கடிதங்கள் யாருக்கு எழுதப்பட்டவை?

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் தம் மகள் ‘தி பெர்க்ஸ் ஆஃப் பீயிங் எ வால்ஃப்ளவர்’ என்ற நாவலை இரண்டே இரவுகளில் படித்து முடித்து, கடைசிப் பக்கங்களில் விம்மி அழுததாகவும், அப்படி என்னதான் இருக்கிறது என்று அதே புத்தகத்தைத் தாம் எடுத்துப் படித்தபோது பாதியிலேயே எரிச்சல் வந்து மூடி வைத்துவிட்டதாகவும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஒரே புத்தகம் ஒரு வீட்டுக்குள் இப்படி இருவேறு விளைவுகளை உண்டாக்குவது எதனால், குறை புத்தகத்தில் இருக்கிறதா தம்மிடம் இருக்கிறதா, எட்டாம் வகுப்புப் படிக்கும் இளைய மகனிடம் இதைக் கொடுக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள். ஆங்கில இலக்கியம் கற்பித்த ஆண்டுகளில் இந்த நாவலை மாணவர்களோடும், ஓய்வுக்குப் பின் ஒரு சிறு வாசகர் வட்டத்தோடும் படித்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல வழியில்லை. இனிமேல்தான் படிக்கப் போகிறேன் என்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது.

முதலில் புத்தகத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். ஸ்டீபன் ஷபாஸ்கி எழுதிய இந்த நாவல் 1999 பிப்ரவரியில், எம்டிவி தொலைக்காட்சியின் பெயரைத் தாங்கிய பதிப்பு வரிசையில் வெளிவந்தது. நடன விருந்துகளில் ஆடுவதற்கு யாரும் அழைக்காமல் சுவரோரமாகவே நின்றுகொண்டிருப்பவரை ஆங்கிலத்தில் ‘வால்ஃப்ளவர்’ என்பார்கள். அப்படி ஓரமாக நிற்பதிலும் சில அனுகூலங்கள் உண்டு என்பது தலைப்பின் பொருள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய புறநகர் ஒன்றில் உயர்நிலைப் பள்ளியில் அப்போதுதான் சேரும் சார்லி என்ற பதினைந்து வயதுச் சிறுவன் எழுதும் கடிதங்களாகவே முழு நாவலும் அமைந்திருக்கிறது. முதல் கடிதத்தின் தேதி 1991 ஆகஸ்ட் 25. கடைசிக் கடிதத்தின் தேதி 1992 ஆகஸ்ட் 23. அவனுடைய ஒரே நண்பன் மைக்கேல் சில மாதங்களுக்கு முன் தற்கொலை செய்துகொண்டிருக்கிறான். பள்ளியில் தனியாகத் தவிக்கும் சார்லியை, கடைசி ஆண்டு மாணவர்களான பேட்ரிக்கும், அவனுடைய தந்தையின் மறுமணத்தால் அவனுக்குச் சகோதரியான சாமும் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். பில் என்ற ஆங்கில ஆசிரியர் அவனுக்குப் பாடத்திட்டத்தில் இல்லாத புத்தகங்களைக் கொடுத்துப் படிக்கச் செய்கிறார். கதைச்சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்.

வாசகர்கள் இரண்டாகப் பிரிவதற்கான காரணம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது என்பது என் கருத்து. சார்லி கடிதம் எழுதுவது தனக்குத் தெரியாத ஒருவருக்கு. நீங்கள் பிறர் சொல்வதைக் கேட்பவர், புரிந்துகொள்பவர், ஒரு விருந்தில் வாய்ப்பு இருந்தும் ஒருவரிடம் தவறாக நடந்துகொள்ளாதவர் என்று ஒரு பெண் பேசக் கேட்டேன், அதனால் உங்களுக்கு எழுதுகிறேன் என்கிறான். தன்னைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறான். திருப்பி எழுத முகவரி கொடுப்பதில்லை. எல்லாருடைய பெயர்களையும் மாற்றியே எழுதப் போவதாகவும் சொல்லிவிடுகிறான். ஆக, சார்லி என்பதே அவனுடைய உண்மைப் பெயர் என்று நம்புவதற்கு இடமில்லை. இந்தக் குறிப்பைப் பெரும்பாலோர் படித்த மறுநிமிடமே மறந்துவிடுகிறார்கள். அந்த ‘நண்பர்’ யார் என்று நாவல் கடைசிவரை சொல்வதில்லை. காலியாக விடப்பட்ட அந்த நாற்காலியில் வாசகர் போய் உட்கார வேண்டும் என்பதே ஏற்பாடு.

உட்கார்ந்தவர்களுக்கு அது ஒரு புத்தகமாகவே தோன்றுவதில்லை. தன்னை நம்பி ஒருவன் எழுதியிருக்கிறான், இடையில் நிறுத்தினால் அவனைக் கைவிட்டதாகிவிடும் என்ற உணர்வோடு படிக்கிறார்கள். இரண்டு இரவுகளில் முடிப்பதும், முடித்தபின் யாரிடமும் பேசாமல் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதும் இந்தக் கூட்டத்தின் அடையாளம். உட்காராதவர்களுக்கோ, பிறருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படிப்பது போன்ற அசௌகரியம் ஏற்படுகிறது; அந்த அசௌகரியம் சில பக்கங்களில் எரிச்சலாக மாறிவிடுகிறது. ஒரு பெற்றோராகப் படிப்பவருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சார்லியின் தாயும் தந்தையும் கொடியவர்கள் அல்லர், மகன்மீது அன்புள்ளவர்கள். இருந்தும், அவர்கள் அதே வீட்டில் இருக்கும்போதே, அவர்களிடம் சொல்லாததையெல்லாம் அவன் முகம் தெரியாத ஒருவருக்கு எழுதி அஞ்சலில் போடுகிறான். இந்தக் கதையில் தாய்க்கு ஒதுக்கப்பட்ட இடம் மூடிய கதவுக்கு வெளியே இருக்கிறது. கேள்வி கேட்ட வாசகிக்கு வந்த எரிச்சலில் ஒரு பங்கு அந்த இடத்தில் நிறுத்தப்பட்டதால் வந்தது என்று நான் ஊகிக்கிறேன். அதை அவருடைய குறையாக நான் கருதவில்லை.

எரிச்சலின் மற்றொரு பங்குக்குச் சார்லியின் மொழி காரணம். ‘பதினைந்து வயதுப் பையன் பத்து வயதுக் குழந்தை போல எழுதுகிறான்’, ‘எதற்கெடுத்தாலும் அழுகிறான்’ என்பவை இந்த நாவல்மீது எப்போதும் வைக்கப்படும் இரண்டு குற்றச்சாட்டுகள். இரண்டாவதை மறுக்க முடியாது. மகிழ்ச்சியிலும் அழுகிறான், படம் பார்த்தும் அழுகிறான், பிறருக்காகவும் அழுகிறான். வாசகர் வட்டத்தில் ஒருவர் அழுகைகளைப் பென்சிலால் எண்ணிக்கொண்டே வந்து, நாவலின் நடுவில் எண்ணுவதை விட்டுவிட்டார். முதல் குற்றச்சாட்டு அவ்வளவு நேரானது அல்ல. ஆண்டின் தொடக்கத்தில் சார்லி எழுதிய ஒரு கட்டுரைக்கு பில் ‘சி’ மதிப்பெண் கொடுக்கிறார். வாக்கியங்களை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகிறாய் என்று காரணம் சொல்கிறார். வகுப்பில் கற்ற புதிய சொற்களைப் பயன்படுத்தும்படியும் சொல்கிறார். அதை நமக்குத் தெரிவிக்கும் சார்லி, உடனே அப்படிப்பட்ட இரண்டு சொற்களைக் கடிதத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவை இங்கே எதற்குப் பொருந்தும் என்று தெரியாமல் விழிக்கிறான். சிரிப்பை வரவழைக்கும் அந்தப் பத்தி, நடையின் வெகுளித்தனம் எழுத்தாளரின் இயலாமையால் வந்ததன்று, வேண்டுமென்றே அமைக்கப்பட்டது என்பதற்கான வெளிப்படையான ஒப்புதலாகும். கடைசிக் கடிதங்களை முதல் கடிதத்தோடு சேர்த்து வாய்விட்டுப் படித்துப் பார்த்தால், சொற்கள் எளிமையாகவே இருந்தாலும் வாக்கியங்கள் நிதானமடைந்திருப்பது காதுக்குத் தெரியும்.

பில் கொடுக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் படித்து முடித்தவுடன் ‘இதுதான் எனக்கு மிகவும் பிடித்த புத்தகம்’ என்று சார்லி அறிவிப்பதையும் பலர் கேலி செய்வதுண்டு. சென்ற மாதமும் வேறொரு புத்தகத்தைப் பற்றி அவன் இதையேதான் சொன்னான். எனக்கு அது கேலிக்குரியதாகப் படவில்லை. பதினைந்து வயதில் வாசிப்பு அப்படித்தான் நடக்கிறது; ஒப்பிட்டுத் தரம் பிரிக்கும் பழக்கம் அதற்குப் பிறகு நம்மை வந்து ஒட்டிக்கொள்வது. அந்த வயதில் தாம் எதையெல்லாம் உலகத்திலேயே சிறந்த புத்தகம் என்று சொல்லித் திரிந்தோம் என்பதை நேர்மையாக நினைவுகூர்பவர்கள் இந்த இடத்தில் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள்.

பிரச்சினைகளின் எண்ணிக்கை பற்றிய குற்றச்சாட்டில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். தற்கொலை, பெண்ணை அடிக்கும் காதலன், கருக்கலைப்பு, போதைப்பொருள், தன் பாலினத்தவரைக் காதலிப்பதை மறைத்து வாழும் மாணவன், அவனை அடிக்கும் தந்தை, பாலியல் வன்முறை, மனநல மருத்துவமனை என்று இருநூற்றுச் சொச்சம் பக்கங்களுக்குள் இவ்வளவையும் அடுக்கியிருக்கிறார் ஆசிரியர். இவற்றில் சில வந்த வேகத்தில் போய்விடுகின்றன. சார்லியின் அக்காவுக்கு நேரும் கருக்கலைப்பு அவளுடைய வாழ்க்கையின் பெரிய நிகழ்ச்சி. நாவலில் அது, தம்பி காரில் அழைத்துச் சென்று, காத்திருந்து, திரும்ப அழைத்துவந்து, யாரிடமும் சொல்லாமல் இருந்தான் என்பதோடு முடிகிறது. அவளுக்கு நாவலில் ஒரு பெயர்கூட இல்லை. எல்லாருடைய துயரங்களும் சார்லி சாட்சியாக நிற்பதற்காகவே நிகழ்கின்றன என்று ஒரு மாணவி ஒருமுறை எழுதினார்; அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. கடிதம் எழுதுபவனுக்குத் தெரிந்தது மட்டுமே நமக்கும் தெரியும் என்ற வடிவத்தின் எல்லையைச் சுட்டிக்காட்டலாம். ஆனால் அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஆசிரியர்தானே.

இந்த நாவலைப் படிக்காதவர்களுக்கும் தெரிந்த வரி ஒன்று உண்டு. நமக்கு எவ்வளவு அன்பு தகும் என்று நாமே நினைக்கிறோமோ அவ்வளவு அன்பைத்தான் ஏற்றுக்கொள்கிறோம் என்ற பொருளுடைய அந்த வரி காபிக் கோப்பைகளிலும், சுவரொட்டிகளிலும், மணிக்கட்டுப் பச்சைகளிலும் ஏறிவிட்டது. ஒரு காதல் தத்துவம் போல அதைப் பகிர்பவர்களில் எத்தனை பேருக்கு அது எங்கே வருகிறது என்பது தெரியுமோ தெரியவில்லை. தன் அக்காவை அவளுடைய காதலன் முகத்தில் அறைந்ததைச் சார்லி கண்ணால் பார்த்துவிடுகிறான். சொல்லாதே என்று அக்கா தடுக்கிறாள். அவன் பில்லிடம் சொல்கிறான், அப்போது பில் சொல்லும் வாக்கியம் அது. அடிபட்டும் ஒருத்தி ஏன் அவனோடு இருக்கிறாள் என்று கலங்கி நிற்கும் சிறுவனிடம் ஓர் ஆசிரியர் தயங்கித் தயங்கித் தேர்ந்தெடுத்த விளக்கம். அதோடு பில் நிறுத்துவதில்லை. அன்றே வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துப் பெற்றோரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுகிறார். அக்கா தம்பியைப் பார்த்து உன்னை வெறுக்கிறேன் என்கிறாள். கோப்பையில் அச்சிடப்பட்ட வரிக்குப் பின்னால் முகத்தில் விழுந்த ஓர் அறையும், ஒரு தொலைபேசி அழைப்பும், ஒரு வீட்டுச் சண்டையும் இருக்கின்றன. தெரிந்தே பார்த்தும் பேசாமல் இருப்பது சரியா என்ற கேள்வியை நாவல் முதன்முதலாக எழுப்புவதும் இங்கேதான்.

ஓரமாக நிற்பதன் அனுகூலம் என்ன என்பதை நாவல் ஒரு விருந்துக் காட்சியில் சொல்கிறது. பாப் என்பவனுடைய வீடு; என்னவென்று தெரியாமல் கஞ்சா கலந்த கேக்கைச் சார்லி தின்றுவிடுகிறான்; பசி தாங்காமல் தவிக்கும் அவனுக்குச் சாம் மில்க்‌ஷேக் செய்துகொடுக்கிறாள். பிறகு பேட்ரிக், இவன் எல்லாவற்றையும் பார்க்கிறான், வெளியே சொல்வதில்லை, புரிந்துகொள்கிறான் என்று சொல்லி அவனுக்காகக் கோப்பையை உயர்த்த, எல்லாரும் உயர்த்துகிறார்கள். யாரும் தன்னைக் கவனிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவனை அறை முழுவதும் கவனிக்கிறது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் இந்த நாவலைத் தங்களுடையதாக எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்தப் பக்கத்திலிருந்துதான். நான் கற்பித்த வகுப்பில், ஆண்டு முழுவதும் வாயைத் திறக்காத ஒரு மாணவர், தேர்வு முடிந்து கடைசி நாளன்று என் மேசைமீது இந்தப் பக்கத்தின் நகலை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அது எனக்கு எழுதப்பட்ட மிக நீளமான கடிதங்களில் ஒன்று.

ஆனால் நாவல் அந்தப் பாராட்டை அப்படியே விட்டுவைப்பதில்லை. கூர்ந்து படிக்கும் வாசகர்கள் பெரிதும் விவாதிப்பதும் இதைத்தான். பேட்ரிக் தன் காதலனான பிராடைப் பிரிய நேர்ந்த துயரத்தில் சார்லியை முத்தமிடுகிறான்; சார்லி தடுப்பதில்லை, நண்பன் என்றால் இதற்கும் இடம்கொடுக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறான். தான் விரும்பாத ஒரு காதல் உறவுக்குள் அதே கூட்டத்தைச் சேர்ந்த மேரி எலிசபெத் என்ற பெண் இழுத்துச் செல்லும்போதும் வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வருவதில்லை. பிறகு ஒரு விளையாட்டில், இந்த அறையிலேயே அழகான பெண்ணை முத்தமிடு என்று பேட்ரிக் சவால் விட, மேரி எலிசபெத் பக்கத்தில் இருக்கும்போதே எழுந்துபோய்ச் சாமை முத்தமிடுகிறான். உண்மையைச் சொல்வதற்கு அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுவாகத்தான் இருந்திருக்கிறது. கல்லூரிக்குப் புறப்படும் முன் சாம் அவனிடம் கடுமையாகவே பேசுகிறாள்: மற்ற எல்லாருடைய வாழ்க்கையையும் உன் வாழ்க்கைக்கு முன்னால் வைத்துவிட்டு, அதை அன்பு என்று சொல்லிக்கொள்ள முடியாது. சார்லியின் மௌனத்தைப் பெருந்தன்மை என்று கொண்டாடிக்கொண்டு வந்த வாசகர்களுக்கு இந்தப் பேச்சு ஒரு அடி. மௌனத்தைக் கோழைத்தனம் என்று கடிந்துகொண்டிருந்தவர்களுக்கு, இதோ ஆசிரியரே சொல்லிவிட்டார் என்ற திருப்தி. இரண்டு தரப்பும் அடுத்த சில பக்கங்களில் நிலைகுலைகின்றன.

சார்லியின் தாயின் சகோதரி ஹெலன் அவன் சிறுவனாக இருந்தபோது அந்த வீட்டில் தங்கியிருந்தவர். உலகத்தில் தனக்கு மிகப் பிடித்தவர் அவர்தான் என்று சார்லி தொடக்கத்திலிருந்தே சொல்லிவருகிறான். (தமிழில் மொழிபெயர்ப்பவர் முதல் கடிதங்களிலேயே அவரைப் பெரியம்மா என்பதா சித்தி என்பதா என்று முடிவு செய்தாக வேண்டும், ஆங்கிலச் சொல்லில் உள்ள தூரம் அந்த இரண்டு சொற்களிலும் இல்லை, அதனால் முடிவு இன்னும் கடுமையாக விழும்.) சார்லியின் பிறந்தநாளான டிசம்பர் 24 அன்று, அவனுக்குப் பரிசு வாங்கச் சென்றபோது அவர் கார் விபத்தில் இறந்துபோனார்; அந்தக் குற்ற உணர்ச்சியை அவன் சுமந்துகொண்டிருக்கிறான். சாமோடு நெருக்கமாக இருக்க வாய்க்கும் இரவில் அவனுடைய உடல் ஒத்துழைக்காமல் நின்றுவிடுகிறது. அதன் பிறகுதான், சனிக்கிழமை இரவுகளில் தொலைக்காட்சியின் முன் ஹெலன் தன்னிடம் நடந்துகொண்ட விதம் அவன் நினைவுக்கு வருகிறது. இதை நாவல் ஓரிரு வாக்கியங்களில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அவசரமாகப் படித்தவர்கள் இதைத் தவறவிட்டு, அவன் ஏன் மருத்துவமனையில் இருக்கிறான் என்று பின்பக்கங்களைப் புரட்டுவதை நானே கண்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் வாசகர் கருத்துகள் கடுமையாக மோதுகின்றன. கடைசி நேரத்தில் எடுத்துக் காட்டும் மாயவித்தை இது, ஒரு மனிதனின் சுபாவத்தை ஒற்றைக் காரணத்துக்குள் அடக்கிவிடுகிறது என்பது ஒரு வாதம். கூச்சத்தை ஒரு நோயாகக் காட்டிவிட்டது, கூச்ச சுபாவமுள்ளவர்கள் எல்லாரும் ஏதோ அடிபட்டவர்கள் என்று ஆகிவிடுகிறது என்ற வருத்தமும் அதனோடு சேர்ந்தே வருகிறது. மறுவாசிப்பு செய்தவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். இரண்டாம் முறை படிக்கும்போது அந்தச் சனிக்கிழமைகள் முன்பகுதியிலேயே, இனிய நினைவுகளைப் போல வேடமிட்டு நின்றுகொண்டிருப்பது தெரிகிறது. ஹெலனின் பெயர் வரும் இடங்களில் வாக்கியங்கள் தேவைக்கு மேல் பாராட்டுவது தெரிகிறது. நான் இரண்டாம் தரப்பைச் சேர்ந்தவன். வெகுளியான அந்த மொழி, தான் சொல்வதன் பொருள் தனக்கே தெரியாத ஒருவனுடைய மொழி என்பது அப்போது புலப்படுகிறது. பத்து வயதுக் குழந்தை போல எழுதுகிறான் என்ற குற்றச்சாட்டு, குற்றச்சாட்டாக இல்லாமல் ஒரு துப்பாக மாறிவிடுகிறது. சார்லி ஆட்டிசம் உள்ளவன் என்று முடிவு கட்டுபவர்களுக்கும் நான் இதையே சொல்வேன். அவர்கள் கவனித்த அடையாளங்கள் உண்மையானவைதாம். ஆனால் நாவல் அவனுக்கு எந்த மருத்துவப் பெயரையும் சூட்டவில்லை.

ஹெலனும் சிறு வயதில் இதே கொடுமைக்கு ஆளானவர் என்று நாவல் சொல்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் பின்னாளில் பிறரைப் பாதிப்பார்கள் என்ற ஆபத்தான நம்பிக்கைக்கு இது துணைபோகிறது என்று சிலர் கண்டித்திருக்கிறார்கள். கவனிக்க வேண்டிய கண்டனம்தான் அது. ஆனால் கடைசிக் கடிதத்தில் வரும் ஒரு சிறிய கதையையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மருத்துவர் சார்லிக்குச் சொன்ன கதை: குடிகாரத் தந்தைக்கு இரண்டு மகன்கள், ஒருவர் குடியையே தொடாத தச்சராக வளர்ந்தார், மற்றவர் தந்தையைப் போலவே குடிகாரரானார். ஏன் என்று கேட்டபோது இருவரும் தந்தையைத்தான் காரணமாகச் சொன்னார்கள். நாம் எங்கிருந்து வருகிறோம் என்பது நம் கையில் இல்லாவிட்டாலும் எங்கே போவது என்பதில் நமக்குப் பங்குண்டு என்று சார்லி அதிலிருந்து ஒரு முடிவுக்கு வருகிறான். அவன் ஹெலனை மன்னிப்பது சில வாசகர்களுக்கு ஏற்கவில்லை. பதினாறு வயதில் அவ்வளவு சீக்கிரம் அது கூடுமா என்று கேட்கிறார்கள். எனக்கும் அந்த இறுதிப் பக்கங்களில் ஆறுதல் சற்று வேகமாக வந்துவிடுவதாகவே படுகிறது.

மூன்றாவது வகை வாசகர்களும் உண்டு. அவர்கள் விவாதங்களில் கலந்துகொள்வதில்லை. இந்த நாவலை மிகவும் பிடிக்கும் என்று மட்டும் சொல்வார்கள், ஏன் என்று சொல்ல மாட்டார்கள். இந்தப் புத்தகம் தங்கள் உயிரைக் காத்தது என்று இளம் வாசகர்கள் தமக்கு எழுதியதை ஷபாஸ்கி நேர்காணல்களில் குறிப்பிட்டிருக்கிறார். யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த ஒன்றுக்கு அச்சில் ஒரு வாக்கியம் கிடைத்துவிடுவது சிலருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வெளியிலிருந்து அளக்க முடியாது. ஆகவே மகள் அழுதாள் என்றால், எந்தப் பக்கத்தில் அழுதாள் என்று துருவிக் கேட்க வேண்டாம் என்றும், அவளாகப் பேச வந்தால் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள் என்றும் அந்த வாசகியிடம் சொல்ல விரும்புகிறேன். பெரும்பாலான பிள்ளைகள் நல்ல கதை என்பதற்காகவே அழுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வீண் கலக்கம் வேண்டாம்.

திரைப்படத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஷபாஸ்கியே திரைக்கதை எழுதி இயக்கிய படம் 2012-இல் வெளிவந்தது. லோகன் லெர்மன் சார்லியாகவும், எம்மா வாட்சன் சாமாகவும், எஸ்ரா மில்லர் பேட்ரிக்காகவும் நடித்தார்கள். இன்றைய வாசகர்களில் பலர் படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வருகிறார்கள். பிட்ஸ்பர்க் நகரின் ஃபோர்ட் பிட் சுரங்கப்பாதை முடியும் இடத்தில், இருட்டிலிருந்து வண்டி நேரே பாலத்தின்மீது வெளிவந்து, நகரத்தின் விளக்குகள் முழுவதும் ஒரே நொடியில் கண்ணில் படும். வண்டியின் பின்புறத்தில் எழுந்து நின்றபடி அந்தச் சுரங்கத்தைச் சாம் கடக்கும் காட்சி நாவலுக்கும் படத்துக்கும் உயிர்நாடி. புத்தகத்தில் அப்போது வண்டியில் ஒலிப்பது ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பாடல். படத்தில் அது டேவிட் போவியின் பாடலாகிவிட்டது. இசைப் பைத்தியங்களான இந்தப் பிள்ளைகளுக்கு 1991-இல் போவியின் அந்தப் பாடல் தெரியாமல் இருந்ததாகக் காட்டுவதை நம்ப முடியவில்லை என்று ரசிகர்கள் இன்றும் முணுமுணுக்கிறார்கள், நியாயமான முணுமுணுப்பு. அக்காவின் கருக்கலைப்பு படத்தில் இடம்பெறவில்லை. ஹெலன் பற்றிய உண்மையோ புத்தகத்தில் உள்ளதைவிடத் தெளிவாகக் காட்டப்படுகிறது. படம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் திரையில் சார்லி அழகான, நாம் வெளியிலிருந்து பார்க்கும் இளைஞன். எரிச்சலூட்டும் அந்தக் குரலைச் சகித்துக்கொண்டு நண்பராக இருக்க வேண்டிய பொறுப்பு பார்வையாளருக்கு இல்லை.

அமெரிக்கப் பெற்றோர்களின் எதிர்வினையையும் விட்டுவிட முடியாது. பள்ளி நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை நீக்கக் கோரி அங்கே எழுத்துமூலம் மனுக் கொடுக்கலாம். அப்படி வரும் ஆட்சேபணைகளை அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்து ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுகிறது. 2000 முதல் 2009 வரையிலான பத்தாண்டுகளில் மிக அதிகமாக ஆட்சேபிக்கப்பட்ட நூல்களின் பட்டியலில் இந்த நாவல் பத்தாம் இடத்தில் இருந்தது. அதன் பிறகும் பலமுறை ஆண்டுப் பட்டியல்களில் இடம்பெற்றது. பாலியல் விவரணை, போதைப்பொருள், ஒருபாலினக் காதல், தற்கொலை, வயதுக்குப் பொருந்தாமை என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அந்தப் பெற்றோர்களை மூடர்கள் என்று ஒதுக்குவது எளிது. நான் அப்படிச் செய்ய மாட்டேன். தனிப் பக்கங்களை எடுத்துக் காட்டினால் அவை அதிர்ச்சி தருபவைதாம். ஆனால் பிள்ளைகளுக்கு நேரும் கொடுமையை, அது நேரும் வயதினர் படிக்கக் கூடாது என்று சொல்வதில் உள்ள முரணையும் அவர்கள் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

எட்டாம் வகுப்பு மகனைப் பற்றிய கேள்விக்கு: நானாக இருந்தால் இரண்டு ஆண்டுகள் பொறுத்துக் கொடுப்பேன். கஞ்சாவோ கெட்ட வார்த்தைகளோ அதற்குக் காரணம் இல்லை. அவை அவனுக்கு ஏற்கெனவே கேள்விப்பட்டவையாக இருக்கும். ஓரிரு வாக்கியங்களில் வந்துபோகும் அந்த உண்மையைப் பதின்மூன்று வயதில் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தனியாகச் சுமந்துகொண்டிருப்பது கடினம். அவனே அக்காவின் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டான் என்றால் பிடுங்க வேண்டாம். நீங்களும் படித்து முடித்திருங்கள்.

அதற்கு, மூடி வைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். முதல் கடிதத்துக்குத் திரும்பிப் போய், தாயாக இல்லாமல் முகவரி தெரியாத அந்த நண்பராகப் படித்துப் பாருங்கள். நாவலின் இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி 2019-இல் வந்த பதிப்பில் சார்லி பின்னாளில் எழுதுவதாக ஒரு புதிய கடிதம் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதை முதல் வாசிப்பில் ஒதுக்கிவைக்கலாம், பழைய முடிவே போதுமானது. 1992 ஆகஸ்ட் 23 தேதியிட்ட அந்தக் கடிதத்தில், இனிமேல் எழுத நேரம் கிடைக்காமல் போகலாம், நான் எல்லாவற்றிலும் கலந்துகொள்ள முயன்றுகொண்டிருப்பேன் என்று சார்லி சொல்கிறான். ஓரமாக நிற்காமல் கலந்துகொள் என்று பில் ஆண்டின் தொடக்கத்தில் அவனிடம் சொன்ன அதே சொல்லைத்தான் அங்கே பயன்படுத்துகிறான். உங்கள் மகள் அழுதது அந்தப் பக்கத்தில்தான் என்றால், அவள் அழுதது துக்கத்தால் அல்ல; ஓர் ஆண்டு முழுவதும் தன்னிடம் பேசிக்கொண்டிருந்தவனுக்கு இனித் தான் தேவைப்பட மாட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.